புலத்தின் திசையிலிருந்து தொடங்குங்கள்: தேன்கூட்டுக் குவாண்டம் காந்தங்களைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேன்கூட்டு அணிக்கோவையில் அமைந்த காந்த அயனிகள் புறக் காந்தப்புலத்தில் எந்தெந்தக் காந்த நிலைகளை, அதாவது கட்டங்களை, எடுக்கின்றன என்று ஆராயப் புகுபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை டெஸ்லாவில் மாற்றம் நிகழ்கிறது என்பதுதான். அதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி, புலம் எந்தத் திசையில் செலுத்தப்படுகிறது என்பதாகும். ஆல்பா ருத்தேனியம் டிரைகுளோரைடு என்னும் தேன்கூட்டுக் காந்தப் படிகத்தில் புலத்தைத் தேன்கூட்டுத் தளத்துக்குள்ளேயே செலுத்தினால் ஏறத்தாழ 7 முதல் 8 டெஸ்லாவுக்குள் காந்த ஒழுங்கு அழிந்துவிடுகிறது. தளத்துக்குச் செங்குத்தாகச் செலுத்தினாலோ 30 டெஸ்லாவுக்கும் மேல் சென்றாக வேண்டியிருக்கிறது. ஒரே படிகம், ஒரே வெப்பநிலை. திசை மாறியதால் மட்டுமே எல்லை நான்கு மடங்கு தள்ளிப்போகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் திசை என்னும் கேள்வியை நான் மறுபடியும் எழுப்புவேன்.

படி 1: அணிக்கோவையை உங்கள் கையால் வரையுங்கள்

ஒரு தாளில் குறைந்தது பன்னிரண்டு அறுகோணங்களை வரைந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அண்டைப் புள்ளிகளே உள்ளன. சதுர அணிக்கோவையில் நான்கும் முக்கோண அணிக்கோவையில் ஆறும் இருப்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அண்டை குறைந்தால் ஒழுங்கைத் தாங்கிப் பிடிக்கும் வலிமையும் குறையும், குவாண்டம் ஏற்ற இறக்கங்கள் ஓங்கும். ஸ்பின் (அயனியின் காந்தத்துக்கு மூலமான உள்ளார்ந்த சுழற்சி) 1/2 கொண்ட, அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விழையும் எளிய எதிர்ஃபெர்ரோ காந்தத்தில், ஸ்பின்களை இணைக்கும் பரிமாற்ற இடைவினை முதல் அண்டைகளுக்கு மட்டும் இருக்கும்போது, ஒரு புள்ளியின் ஒழுங்கு பெற்ற காந்தத் திருப்பம் முழு மதிப்பான 0.5 என்பதிலிருந்து ஏறத்தாழ 0.27 வரை சுருங்கிவிடுகிறது. சதுர அணிக்கோவையில் அது 0.31 அளவில் நிற்கிறது.

அடுத்து, புள்ளிகளை இரண்டு நிறங்களில் மாறி மாறித் தீட்டுங்கள். எந்தப் புள்ளியின் மூன்று அண்டைகளும் எதிர் நிறத்திலேயே இருக்கும். இவைதாம் இரு உள்அணிக்கோவைகள். அலகுக்கூடு ஒன்றில் இரண்டு புள்ளிகள் இருப்பதும் இதனால்தான். பின்னர் பிணைப்புகளுக்கு மூன்று நிறங்கள் கொடுங்கள்: ஒரே திசையில் ஓடும் பிணைப்புகளெல்லாம் ஒரே நிறம் பெற வேண்டும். இவற்றை எக்ஸ், ஒய், இசட் பிணைப்புகள் என்று அழைப்போம். இந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கணினி நிரலில் பிணைப்புப் பட்டியல் எழுதும்போது எழும் பிழைகளில் பெரும்பாலானவற்றை இந்தத் தாள் ஒன்றே பிடித்துத் தந்துவிடும்.

இந்தப் படத்தின்மேல் நான்கு எளிய ஒழுங்குகளையும் வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் மூன்று அண்டைகளும் இணையாக இருந்தால் ஃபெர்ரோ காந்தம். இரண்டு இணையாகவும் ஒன்று எதிராகவும் இருந்தால் ஜிக்ஜாக் ஒழுங்கு. ஒன்று இணையாகவும் இரண்டு எதிராகவும் இருந்தால் பட்டை ஒழுங்கு. மூன்றும் எதிராக இருந்தால் நீல் ஒழுங்கு. இவற்றுக்கு அப்பால் சுருள் ஒழுங்கு, அண்டை ஸ்பின்கள் மொத்த ஸ்பின் சுழியான இணைகளாக (ஒற்றைநிலைகளாக)ப் பிணைந்த பிணைப்புப் படிகம், எந்த ஒழுங்குக்கும் இணங்காத ஸ்பின் திரவம், புலத்தின் வழியே திரும்பிவிட்ட முனைவுற்ற நிலை ஆகியவையும் உள்ளன.

படி 2: இடைவினைகளை எழுதுங்கள், குறியையும் மரபையும் உறுதிசெய்யுங்கள்

எளிய ஹைசன்பர்க் இடைவினை இரு ஸ்பின்களின் இடைக்கோணத்தை மட்டுமே பொறுத்தது. அதற்கு வெளித் திசைகளைப் பற்றிய அறிவே கிடையாது. புலத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் விடை ஒன்றுதான். திசைக்கு உயிர் கொடுப்பது, எலக்ட்ரானின் ஸ்பின்னை அதன் சுற்றுப்பாதை இயக்கத்தோடு இணைக்கும் ஸ்பின்–சுற்றுப்பாதைப் பிணைப்பு. 2006-ல் அலெக்சேய் கிடேவ் முன்வைத்த மாதிரியில் எக்ஸ் பிணைப்பின் இரு முனைகளிலும் உள்ள ஸ்பின்கள் தங்கள் எக்ஸ் கூறுகளால் மட்டுமே பேசிக்கொள்கின்றன. ஒய், இசட் பிணைப்புகளும் அவ்வாறே. ஒரு ஸ்பின் தன் மூன்று பிணைப்புகளையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்ய முடியாது. இந்த இழுபறியே ஸ்பின் திரவத்தின் வேர். இம்மாதிரிக்குத் துல்லியமான தீர்வு இருப்பது இத்துறைக்குக் கிடைத்த பெரும் கொடை. காந்த அயனிகளைச் சூழ்ந்த எண்முகிகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும் சேர்மங்களில் இத்தகைய இடைவினை இயல்பாகவே எழக்கூடும் என்று 2009-ல் ஜாக்கெலியும் கலியுலினும் காட்டிய பின்னரே இரிடியம், ருத்தேனியம், கோபால்ட் சேர்மங்களின் மீது கவனம் குவிந்தது.

உண்மைப் பொருள்களில் ஹைசன்பர்க், கிடேவ் இடைவினைகளோடு, இரு வேறு கூறுகளைக் கலக்கும் காமா இடைவினையும், மூன்றாம் அண்டைகள் வரை நீளும் பரிமாற்றமும் சேர்ந்துவரும். எல்லாவற்றையும் முதல் நாளிலேயே சேர்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாறிலியைக் கூட்டுவதே நல்லது.

இங்கே மரபு வேறுபாடுகள் புதியவரைப் பெரிதும் அலைக்கழிக்கும். சிலர் ஸ்பின் செயலிகளைப் பயன்படுத்துவர், சிலர் பவுலி அணிகளைப் பயன்படுத்துவர். ஒரு பிணைப்பின் ஆற்றலில் இவ்விரண்டுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு உண்டு, புல உறுப்பில் இரண்டு மடங்கு மட்டுமே. எதிர்ஃபெர்ரோ இடைவினைக்கு நேர்க்குறி இடுவோரும் எதிர்க்குறி இடுவோரும் உள்ளனர். ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று பிணைப்புகளும் சம வலிமை கொண்ட தூய கிடேவ் மாதிரியில், ஸ்பின் செயலிகளின் மரபில், முடிவிலா அணிக்கோவையின் அடிநிலை ஆற்றல் ஒரு புள்ளிக்குக் கிடேவ் மாறிலியின் −0.197 மடங்கு. உங்கள் கட்டுரையோ நிரலோ −0.787 என்று சொன்னால் அது பவுலி மரபில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

படி 3: டெஸ்லாவை ஆற்றலாக மாற்றப் பழகுங்கள்

காந்தத் திருப்பத்தின் அலகான போர் மேக்னெட்டான் ஒன்றுக்கு 1 டெஸ்லா தரும் ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னால் 0.672 கெல்வின். ஸ்பின் புலத்தை எவ்வளவு வலுவாக உணர்கிறது என்று சொல்லும் ஜி காரணி 2 என்று கொண்டால் 1 டெஸ்லாவுக்கு 1.343 கெல்வின், அல்லது 0.116 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இந்த ஒற்றை எண்ணை மனப்பாடம் செய்வது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் ஜி காரணியே திசைக்குத் திசை மாறும் பொருள்களும் உள்ளன என்பதை மறக்கலாகாது. அங்கே 'சமமான புலம்' என்பது சமமான டெஸ்லா அன்று.

முதல் அண்டை எதிர்ஃபெர்ரோ காந்தத்துக்கு நிறைவுப் புலத்தை ஒரு வரியில் பெறலாம். அண்டை எண்ணிக்கை, பரிமாற்ற மாறிலி, ஸ்பின் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் போல் இரு மடங்கைப் புலத்தின் ஆற்றல் எட்டும்போது ஸ்பின்கள் முற்றிலும் இணையாகிவிடும். தேன்கூட்டில் அண்டை மூன்று. ஸ்பின் 1/2 எனில் விடை பரிமாற்ற மாறிலியின் மூன்று மடங்கு. மாறிலி 10 கெல்வின் என்றால் 30 கெல்வின், அதாவது ஏறத்தாழ 22.3 டெஸ்லா. உங்கள் ஆய்வகத்தின் காந்தம் 9 டெஸ்லாவில் நின்றுவிடும் என்றால், அந்தப் பொருளின் முழுக் கதையை அங்கே பார்க்க இயலாது என்பது படிகத்தைத் தொடுமுன்னரே தெரிந்துவிடுகிறது.

படி 4: மேலிருந்து இறங்குங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகுதியாக வற்புறுத்த விரும்பும் படி இதுதான். புலமற்ற நிலையிலிருந்து மேலே ஏற முயல்வோர் தொடக்கத்திலேயே மிகக் கடினமான சிக்கலில் கால் வைக்கிறார்கள், ஏனெனில் குறைந்த புலத்தில் அடிநிலை எது என்பதே விவாதத்துக்குரியது. மாறாக, ஸ்பின்கள் அனைத்தும் புலத்தின் வழியே நிற்கும் உயர்புல நிலை எளியது. ஹைசன்பர்க் வகை இடைவினைகளில் அது துல்லியமான ஆற்றல் நிலையும்கூட. அந்த நிலையில் ஒரே ஒரு ஸ்பின்னைத் திருப்பி, அது அணிக்கோவையில் அலையாகப் பரவும் (இந்த அலையே மேக்னான்) ஆற்றலைக் கணக்கிட்டு, புலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், எந்த அலைத்திசையனில் ஆற்றல் இடைவெளி முதலில் சுழியாகிறதோ அந்த அலைத்திசையன்தான் கீழே உருவாகப்போகும் ஒழுங்கின் முகவரி.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒரு புள்ளியிலிருந்து மூன்று அண்டைகளுக்குச் செல்லும் மூன்று கட்டக் காரணிகளை (அலையின் கட்ட மாற்றத்தைக் குறிக்கும் சிக்கலெண்களை)க் கூட்டி, அந்தக் கூட்டலின் அளவை 'எடை' என்று அழைப்போம். அலைத்திசையன்களின் அடிப்படை அறுகோணமான பிரில்லுவான் மண்டலத்தின் நடுப்புள்ளியில் எடை 3. விளிம்பின் நடுவிலுள்ள எம் புள்ளியில் 1. மூலையிலுள்ள கே புள்ளியில் 0. முதல் அண்டை மாறிலியை 1 என்றும் இரண்டாம் அண்டை மாறிலியை அதன் ஒரு பின்னம் என்றும் கொண்டு, இரண்டும் எதிர்ஃபெர்ரோ வகை என்றால், மேக்னானின் கீழ்ப்பட்டை சுழியைத் தொடத் தேவைப்படும் புலம், ஸ்பின்னின் மதிப்பை இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் கிடைப்பது. முதல் உறுப்பு, 3 கூட்டல் எடை. இரண்டாம் உறுப்பு, 9 கழித்தல் எடையின் வர்க்கம், இதை அந்தப் பின்னத்தால் பெருக்கியது. எந்த எடையில் இந்தக் கூட்டுத்தொகை உச்சம் அடைகிறதோ அங்கேதான் முதல் மென்மை, அதாவது இடைவெளி சுழியாவது, தோன்றும்.

பின்னம் 1/6-க்குக் குறைவாக இருக்கும்வரை உச்சம் எடை 3-இலேயே நிற்கும். இரண்டாம் உறுப்பு அங்கே சுழியாவதால் நிறைவுப் புலம் சற்றும் மாறாமல் ஸ்பின்னின் 6 மடங்காகவே இருக்கும். கீழே பிறப்பது நீல் ஒழுங்கு, புலத்தை நோக்கிச் சாய்ந்த வடிவில். பின்னம் 1/6-ஐத் தாண்டியவுடன் உச்சம் நடுப்புள்ளியை விட்டு நகர்ந்து, எடை என்பது 1-ஐப் பின்னத்தின் இரு மடங்கால் வகுத்த மதிப்பாக இருக்கும் ஒரு மூடிய வளைகோடு முழுவதிலும் பரவிவிடுகிறது. எடுத்துக்காட்டாகப் பின்னம் 1/4 என்று வையுங்கள்: எடை 2, முதல் உறுப்பு 5, இரண்டாம் உறுப்பு 5-இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1.25, கூட்டினால் 6.25, ஸ்பின் 1/2-க்கு நிறைவுப் புலம் 3.125. ஒரு தனி அலைத்திசையன் அன்று, ஒரு வளையம் முழுவதும் ஒரே நேரத்தில் மென்மையாகிறது. எந்தச் சுருளை இயற்கை தேர்ந்தெடுக்கும் என்பதைக் குவாண்டம் ஏற்ற இறக்கங்களும் மூன்றாம் அண்டை இடைவினையும் தீர்மானிக்கின்றன. பின்னம் 1/2-ஐ எட்டும்போது இந்த வளைகோடு எம் புள்ளிகள் வழியாகச் செல்கிறது என்பதையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். மரபு இயற்பியலில் நீல் ஒழுங்கின் எல்லையாக நூல்களில் வரும் அந்த 1/6 இப்படி அரைப் பக்கக் கணக்கில் நம் கைக்கு வருவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இரண்டு மேக்னான்கள் பிணைந்து முன்னதாகவே சுழியைத் தொட்டுவிடலாம், அல்லது திடீர்த் தாவலாக முதல்வகை மாற்றம் இடைமறிக்கலாம். அப்போது இந்தக் கணக்கு எல்லையைக் குறைத்துக் காட்டும். மேலும், கிடேவ், காமா இடைவினைகள் இருக்கும்போது முழுமையாக இணைந்த நிலை துல்லியமான அடிநிலை அன்று. காந்தமாக்கம் நிறைவை எட்டாமல் புலத்தோடு மெல்ல உயர்ந்துகொண்டே போகும். 'வளைகோடு இன்னும் தட்டையாகவில்லை, ஆகவே ஒழுங்கு இன்னும் எஞ்சியிருக்கிறது' என்று முடிவு கட்டுவது அங்கே தவறு.

படி 5: ஓர் அறுகோணத்தில் நிரலைச் சோதியுங்கள்

பெரிய கணக்கை ஓட்டுமுன், ஆறு ஸ்பின்கள் கொண்ட ஒற்றை அறுகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைகளின் எண்ணிக்கை வெறும் 64. ஹைசன்பர்க் எதிர்ஃபெர்ரோ இடைவினையில் மிகக் குறைந்த ஆற்றல்கள், மொத்த ஸ்பின் 0, 1, 2, 3 என்ற வரிசையில், −2.803, −2.118, −0.5, 1.5. புலம் ஒவ்வொரு நிலையையும் அதன் ஸ்பின்னுக்கு ஏற்பத் தாழ்த்துவதால், அடுத்தடுத்த ஆற்றல்களின் வேறுபாடே படிக்கட்டின் இடங்களைத் தந்துவிடும்: காந்தமாக்கம் 0.685, 1.618, 2 ஆகிய புலங்களில் ஒவ்வொரு படியாக ஏறும். இந்த மூன்று எண்களும் உங்கள் நிரலில் வரவில்லை என்றால் மேலே செல்ல வேண்டாம். கடைசி எண்ணுக்குப் படி 3-இன் சூத்திரத்திலும் ஒரு சான்று உண்டு. வளையத்தில் அண்டை இரண்டு என்பதால் இரு மடங்கு, இரண்டு, அரை ஆகியவற்றின் பெருக்கம் 2 ஆகிறது.

இதில் மறைந்திருக்கும் ஒரு வசதியையும் கவனியுங்கள். புலத்தின் திசையிலுள்ள மொத்த ஸ்பின் மாறாமல் இருக்கும் மாதிரிகளில், ஒவ்வொரு ஸ்பின் பிரிவுக்கும் புலமற்ற ஆற்றலை ஒரு முறை கணக்கிட்டால் போதும். முழுக் காந்தமாக்க வளைகோடும் கழித்தலால் கிடைத்துவிடும். கிடேவ் இடைவினை நுழைந்தவுடன் இந்த வசதி போய்விடுகிறது, ஒவ்வொரு புல மதிப்புக்கும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே அணியை மூலைவிட்டமாக்க வேண்டும்.

படி 6: கொத்தின் வடிவத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

கொத்து என்பது கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் அணிக்கோவையின் ஒரு துண்டு. ஆவர்த்தன எல்லை நிபந்தனையோடு கூடிய (எதிரெதிர் விளிம்புகள் ஒட்டப்பட்ட) சிறு கொத்து, தனக்குள் பொருந்தாத ஒழுங்கை ஒருபோதும் காட்டாது. மூன்றுக்கு மூன்று அலகுக்கூடுகள் கொண்ட 18 புள்ளிக் கொத்தில் எம் புள்ளிகள் இல்லை. ஜிக்ஜாக் ஒழுங்கு அதற்குள் அமரவே முடியாது. நான் தொடக்கத்தில் இந்தக் கொத்தில்தான் நெடுநாள் உழைத்தேன். ஜிக்ஜாக் வர வேண்டிய இடத்தில் தெளிவற்ற ஒரு நிலை தோன்றியபோது அதைப் புதிய கட்டம் என்று நம்பத் தலைப்பட்டேன். கொத்தை மாற்றிய அன்றே அது மறைந்தது. இரண்டுக்கு இரண்டு அமைந்த 8 புள்ளிக் கொத்தில் எம் புள்ளிகள் உண்டு, கே புள்ளிகள் இல்லை. அறுமடிச் சமச்சீர் கொண்ட 24 புள்ளிக் கொத்தில் இரண்டும் உண்டு. அதனால்தான் இத்துறையில் அது பொது அளவுகோலாக நிலைத்துவிட்டது. அதன் நிலைகள் 1,67,77,216. சிக்கலெண்களால் ஆன ஒரு நிலைத் திசையனுக்கு ஏறத்தாழ 27 கோடி பைட் நினைவகம் போதும். மிகக் குறைந்த ஆற்றல் மட்டங்களை மட்டும் தேடும் லான்சோஸ் முறைக்கு அப்படிச் சில திசையன்களே தேவைப்படுவதால் சாதாரண கணினியிலேயே தொடங்கிவிடலாம். அதற்கு மேல் நீளமான உருளைகளில், பெரிய அமைப்புகளுக்கான தோராய எண்கணக்கான அடர்த்தி அணி மறுஇயல்பாக்க முறையைக் கையாளுவர். அங்கும் உருளையின் சுற்றளவு எம் புள்ளிக்கு இடமளிக்கிறதா என்ற அதே கேள்விதான் முதலில் வரும்.

படி 7: திசையைக் கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள்

கிடேவ் பொருள்களில் ஸ்பின்னின் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் தேன்கூட்டுத் தளத்தில் கிடப்பவை அல்ல. தளத்தின் செங்குத்து மூன்று அச்சுகளுக்கும் சமமாகச் சாய்ந்திருக்கும். ஆகவே தளத்துக்குச் செங்குத்தான புலத்தின் கூறுகள் 1, 1, 1 என்ற விகிதத்தில் இருக்கும். தளத்துக்குள், இசட் பிணைப்புக்கு இணையான புலம் 1, −1, 0. அதே பிணைப்புக்குச் செங்குத்தான புலம் 1, 1, −2. கிடேவின் கணக்குப்படி, சிறு புலத்தில், இந்த ஸ்பின் திரவத்தின் கிளர்ச்சிகளான மயோரானா துகள்களுக்கு ஆற்றல் இடைவெளியைத் திறந்துவிடுவது மூன்று கூறுகளின் பெருக்கம். ஓரலகுப் புலத்துக்கு அந்தப் பெருக்கம் முதல் திசையில் 0.192, இரண்டாவதில் சுழி, மூன்றாவதில் −0.136. தளத்துக்குள்ளேயே முப்பது பாகை திருப்பினால் இடைவெளி உள்ள நிலையிலிருந்து இடைவெளி அற்ற நிலைக்குச் சென்றுவிடுகிறோம். குறி மாறினால் விளிம்பு ஓட்டத்தின் திசையும் மாறுகிறது. கட்ட வரைபடத்தின் ஓர் அச்சாகக் கோணத்தையே போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கிடேவ் மாறிலியின் குறியும் இங்கே பெரிதும் வேறுபடுத்தும். தளத்துக்குச் செங்குத்தான புலத்தில் ஃபெர்ரோ வகைக் கிடேவ் திரவம் மிகச் சிறு புலத்திலேயே முனைவுற்ற நிலையாகச் சரிந்துவிடுகிறது. எதிர்ஃபெர்ரோ வகையோ ஏறத்தாழ பத்து மடங்கு புலத்தைத் தாங்குவதோடு, முனைவுறும் முன் இடையில் இன்னொரு கட்டத்தையும் காட்டுகிறது; அந்த இடைக்கட்டத்தின் தன்மை பற்றிய ஆய்வுகள் 2018 தொடங்கிச் சூடாக நடந்துவருகின்றன.

படி 8: எல்லைக் கோட்டை இழுக்குமுன் மூன்று சான்றுகளைக் கேளுங்கள்

அடிநிலை ஆற்றலைப் புலத்தால் இருமுறை வகையிட்டால் வரும் கூர்முனை முதல் சான்று. எம் புள்ளி, நடுப்புள்ளி ஆகியவற்றில் நிலைக் கட்டமைப்புக் காரணி (அந்த அலைத்திசையனில் ஸ்பின்கள் எவ்வளவு ஒழுங்குபட்டுள்ளன என்பதன் அளவு) ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டாம் சான்று. கிடேவ் பகுதியில் அறுகோணத்தின் ஆறு ஸ்பின்களிலும், ஒவ்வொன்றிலும் வெளிநோக்கும் பிணைப்பின் கூற்றை எடுத்துப் பெருக்கிக் கிடைக்கும் பாயச் செயலியின் சராசரி மூன்றாம் சான்று. தூய கிடேவ் அடிநிலையில் பவுலி மரபில் அது 1, முனைவுறும்போது குறைந்துவிடும். கிடேவ் இடைவினை இல்லாதபோது பாயச் செயலிக்குப் பதில் தாழ்ந்த ஆற்றல் மட்டங்களின் இடைவெளியைப் பாருங்கள். மூன்றும் ஒரே புலத்தில் திரும்பினால் கோடு இழுக்கலாம். ஒன்று மட்டும் திரும்பினால் அது சிறு கொத்தில் இரு மட்டங்கள் குறுக்கிட்டதன் விளைவாகவும் இருக்கலாம். புள்ளிக்கோடாக விட்டுவிடுவதே நேர்மையானது.

படி 9: பொருள்களோடு ஒப்பிடும்போது

ஆல்பா ருத்தேனியம் டிரைகுளோரைடில் நல்ல படிகம் ஏறத்தாழ 7 கெல்வினில் ஜிக்ஜாக் ஒழுங்கை அடைகிறது. 14 கெல்வின் அருகே தன்வெப்பத்தில் இன்னொரு மேடு தெரிந்தால், அடுக்குப் பிழைகள் மிகுந்த படிகம் உங்கள் கையில் இருக்கிறது என்று பொருள். புல ஆய்வைத் தொடங்குமுன் படிகத்தை மாற்றுங்கள். இப்பொருள் மென்மையானது, வளைத்தாலே அடுக்குகள் நழுவும். ஒட்டுவதிலும் வெட்டுவதிலும் பொறுமை வேண்டும். பிணைப்புக்குச் செங்குத்தான தளப் புலத்தில் 6 டெஸ்லா அருகே முதலில் அடுக்குகளுக்கிடையிலான ஒழுங்கு மாறி, பின்னர் 7 டெஸ்லாவைத் தாண்டி ஜிக்ஜாக் அழிகிறது. ஆகவே இரண்டு மேடுகளைக் கண்டவுடன் இரண்டாவதைத் திரவத்தின் வாசல் என்று எழுதிவிடக் கூடாது. 2018-ல் வெளியான அரைக் குவாண்டம் வெப்ப ஹால் அளவீடு (வெப்ப ஓட்டம் பக்கவாட்டில் திரும்புவதன் அளவீடு) பெரும் ஆர்வத்தை எழுப்பியது; படிகத்துக்குப் படிகம் விடை மாறுவதும், ஃபோனான்கள் எனப்படும் அணிக்கோவை அதிர்வுகளின் பங்கும் இன்றுவரை விவாதத்தில் உள்ளன.

சோடியம் இரிடேட்டிலும் ஜிக்ஜாக் ஒழுங்குதான், ஆல்பா லித்தியம் இரிடேட்டில் அணிக்கோவையோடு பொருந்தாத சுருள். இரிடியம் நியூட்ரான்களை வலுவாக உறிஞ்சிக்கொள்வதால் அங்கே ஒத்திசைவு எக்ஸ் கதிர்ச் சிதறலின் துணை தேவைப்படுகிறது. கோபால்ட் சேர்மங்களில் சோடியம் கோபால்ட் டெலுரேட் 27 கெல்வின் அருகே ஒழுங்குபடுகிறது. பேரியம் கோபால்ட் ஆர்சனேட்டில் ஒழுங்கு 5.4 கெல்வினில் பிறந்து, தளத்துக்குள் ஏறத்தாழ 0.5 டெஸ்லாவிலேயே அழிந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய புலத்தைக் கண்டு கிடேவ் திரவம் அருகில் இருப்பதாக முதலில் நம்பிக்கை எழுந்தது. ஆனால் தளத்துக்குள் ஃபெர்ரோ வகை முதல் அண்டையும் எதிர்ஃபெர்ரோ வகை மூன்றாம் அண்டையும் ஒன்றையொன்று ஈடுசெய்தாலும் அதே சிறு புலம் கிடைத்துவிடும், அந்த விளக்கமே வலுப்பெற்று வருகிறது. படி 4-இன் மேக்னான் கணக்கில் மூன்றாம் அண்டை உறுப்பைச் சேர்த்து, முதல் அண்டையின் குறியை மாற்றி, மென்மை எந்த அலைத்திசையனில் தோன்றுகிறது என்று நீங்களே பாருங்கள். இடைவெளி மூடும் புலத்தைத் தளத்துக்குள் ஒரு முறையும் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு முறையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, அவ்விரு எண்களையும் அளவீட்டுக்கு அருகே வையுங்கள்.